வியாழன் கோளில் ஒரு துப்பாக்கிச் சண்டை



புதிய வீடியோ கேம் ஒன்று வரப்போகிறது என்றால் அதற்கு முன்பே அதன் விளம்பரப் படம் வந்துவிடுகிறது. சுவர் இடிந்து சரிகிறது. கண்ணாடி நொறுங்கிச் சிதறுகிறது. குண்டு பட்டவன் பறந்துபோய் விழுகிறான். 'இதில் பிசிக்ஸ் அப்படியே நிஜம்' என்ற வாசகமும் ஏதாவது ஒரு வடிவில் கூடவே வருகிறது. மறுநாள் வகுப்பில் வாதம் தொடங்கிவிடும். இந்த ஆட்டத்தின் பிசிக்ஸ் எஞ்சின் உசத்தியா, அந்த ஆட்டத்தினுடையது உசத்தியா? பள்ளியில் மட்டுமா? கல்லூரியில் என் மாணவர்களிடையேயும் ஆண்டு தவறாமல் இந்த வாதம் நடக்கிறது.

வாதம் நல்லதுதான். அதைத் தீர்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் அளவுகோலில்தான் எனக்கு உடன்பாடில்லை. 'பார்க்க எவ்வளவு நிஜமாக இருக்கிறது?' என்பதே எல்லாருடைய அளவுகோலும். கண்ணால் பார்த்தே நிஜத்தை முடிவு செய்துவிடலாம் என்றால், சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று இன்றும் நாம் சொல்லிக்கொண்டிருக்கலாமே!

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பிசிக்ஸ் எஞ்சினும் ஓரிடத்தில் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கே பொய் சொல்கிறது, எவ்வளவு சொல்கிறது, தெரிந்து சொல்கிறதா, தெரியாமல் சொல்கிறதா என்று பார்த்து ஒப்பிடுவதே முறையான ஒப்பீடு. இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். உங்கள் பாடநூலில் உள்ள இயக்கச் சமன்பாடுகளும் உந்த அழிவின்மை விதியும் போதும்.

நான் எடுத்துக்கொள்ளப்போவது விளையாடுபவரின் கண் வழியாகவே உலகம் தெரியும் சுடும் ஆட்டங்களை. ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் என்கிறீர்களே, அவைதான். இவற்றைப் பற்றிப் பெற்றோருக்குள்ள கவலை நியாயமானது. கீழே வரும் ஆட்டங்களில் டூம் 3, ஹாஃப்-லைஃப் 2 இரண்டும் அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றே முத்திரை இடப்பட்டவை. ஆகவே இவற்றை விளையாடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இவற்றின் நிரல்களில் பெரும்பகுதி பிற்பாடு பொதுவில் வெளியிடப்பட்டது. எண்களை எடுத்து வைத்துக்கொண்டு காகிதத்திலேயே சரிபார்க்கலாம் என்பதால்தான் இவற்றைத் தேர்ந்தேன்.

முதலில் பிசிக்ஸ் எஞ்சின் என்ன செய்கிறது என்று பார்ப்போமா?

இயற்கையில் காலம் ஆறுபோல ஓடுகிறது. கணிப்பொறிக்கு அப்படி ஓடத் தெரியாது. அது காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டு, படிக்கட்டில் இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் விசையைப் பார்த்து முடுக்கத்தையும், முடுக்கத்தைப் பார்த்து வேகத்தையும், வேகத்தைப் பார்த்து இடத்தையும் மாற்றி எழுதுகிறது. அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் படிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது.

ஒரு கல்லைக் கிணற்றில் போடுகிறீர்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடியில் கல் எவ்வளவு தூரம் விழும்? ½gt² என்று போட்டால் 5 மீட்டர். இதையே கணிப்பொறி போல நான்கு படிகளில், படிக்குக் கால் விநாடி வீதம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும், படியின் தொடக்கத்தில் இருந்த வேகத்தை எடுத்துக்கொண்டால் வேகங்கள் 0, 2.5, 5, 7.5. ஒவ்வொன்றையும் கால் விநாடியால் பெருக்கிக் கூட்டினால் 3.75 மீட்டர். படியின் முடிவில் இருக்கும் வேகத்தை எடுத்துக்கொண்டால் 2.5, 5, 7.5, 10. கூட்டினால் 6.25 மீட்டர். ஒரே கல், ஒரே கிணறு, விடையோ இரண்டு! இரண்டும் தவறு. படியைச் சிறிதாக்கினால் தவறும் சிறிதாகும். விநாடிக்கு 60 படிகள் என்றால் பிழை 8 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். வந்துவிடுமே தவிர, மறையாது.

இரண்டில் எந்த வழியை எடுப்பது என்பது வெறும் ருசி சார்ந்த விஷயம் இல்லை. கல்லுக்குப் பதில் சுருள்வில்லில் தொங்கும் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க வேகத்தை எடுக்கும் வழியில் ஊசல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். ஆற்றல் எங்கிருந்தோ முளைக்கிறது! ஆற்றல் அழிவின்மை விதி திரையில் காற்றில் பறக்கிறது. முடிவு வேகத்தை எடுக்கும் வழியில் பிழை இருந்தாலும் அது ஒரு கட்டுக்குள்ளேயே நிற்கிறது. பல எஞ்சின்கள் இந்த இரண்டாம் வழியில் செல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வழியும் உண்டு. 3.75-க்கும் 6.25-க்கும் சராசரி என்ன? சரியாக 5! முடுக்கம் மாறாமல் இருக்கும்போது தொடக்க வேகம், முடிவு வேகம் இரண்டின் சராசரியை எடுத்தால் பிழையே இல்லை. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தார் 1999-இல் வெளியிட்ட குவேக் 3 அரீனா என்ற ஆட்டத்தில், குதித்தவரின் இயக்கம் இந்த முறையில்தான் கணக்கிடப்படுகிறது. 2005-இல் அதன் நிரலைப் பொதுவில் வெளியிட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது, பாடநூல் தெரிந்த ஒருவர் எழுதியிருக்கிறார் என்று மகிழ்ந்தேன்.

ஆனால் அதே நிரலில் கொஞ்சம் தள்ளி ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒவ்வொரு படியின் முடிவிலும் வேகத்தை முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அல்லவா? தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பவேண்டிய தகவல் குறைவாக இருக்கட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பின்னத்தை உதறியதால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றுகிறதா? கணக்கைப் பாருங்கள்.

அந்த உலகில் ஈர்ப்பு முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு 800 அலகு. குதிப்பவர் விநாடிக்கு 270 அலகு வேகத்தில் மேலெழுகிறார். v² = 2gh என்ற சமன்பாட்டின்படி அவர் எழும் உயரம் 45.6 அலகு. கணிப்பொறி விநாடிக்கு 100 படங்கள் காட்டுகிறது என்றால் ஒரு படி 10 மில்லி விநாடி. படிக்குப் படி வேகம் 8 அலகு குறையும். முழு எண், தொல்லையில்லை. விநாடிக்கு 125 படங்கள் காட்டும் கணிப்பொறியில் படி 8 மில்லி விநாடி. குறையவேண்டியது 6.4 அலகு. முழு எண்ணாக்கும்போது அது 6 ஆகிவிடுகிறது. அதாவது அந்த ஆளுக்கு மட்டும் ஈர்ப்பு முடுக்கம் 800 அல்ல, 750! அவர் 48.6 அலகு உயரம் குதிப்பார். விநாடிக்கு 333 படங்கள் என்றால் 2.4 என்பது 2 ஆகி, ஈர்ப்பு 667-க்கு இறங்கி, குதி உயரம் 54.7 அலகு ஆகிவிடும்.

ஒரே மைதானத்தில் இருவர் நிற்கிறார்கள். விலை உயர்ந்த கணிப்பொறி வைத்திருப்பவருக்குப் புவியீர்ப்பு குறைவு! நியூட்டன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ? ஆனால் ஆடுவோர் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தங்கள் கணிப்பொறியைச் சரியாக 125-இல் நிறுத்தி வைத்துக்கொண்டு மற்றவர் ஏற முடியாத மேடைகளில் ஏறினார்கள். பின்னால் வந்த திருத்தம் ஒன்றில், விரும்பினால் எல்லாருக்கும் ஒரே படி நீளம் என்று அமைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது.

இது தெரியாமல் சொன்ன பொய்க்கு உதாரணம். பார்வைக்கு அது தெரியவே தெரியாது. விளம்பரப் படத்தை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் 6.4-உம் 6-உம் கண்ணில் படாது. படி எடுத்துக் கணக்குப் போட்டவருக்குத்தான் படும்.

அதே நிறுவனம் 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டூம் 3 ஆட்டத்தை வெளியிட்டது. இதில் காலப் படி எல்லாக் கணிப்பொறியிலும் ஒன்றே. விநாடிக்குச் சுமார் 60. பணக்காரக் கணிப்பொறி, ஏழைக் கணிப்பொறி என்ற வேற்றுமை இல்லை. இதற்குக் கொடுத்த விலை, எவ்வளவு வேகமான கணிப்பொறி என்றாலும் விநாடிக்கு 60-க்கு மேல் படம் ஓடாது என்பது. அப்போது பலர் இதைக் குறையாகப் பேசினார்கள். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு மீட்டர் கோலைக் கொடுத்துவிட்டு எல்லார் விடையும் ஒத்துப்போக வேண்டும் என்றால் எப்படி?

டூம் 3-இல் என் மனத்துக்குப் பிடித்த இன்னொன்று: குதிக்கும் வேகத்தை நிரலில் நேரடியாக எழுதவில்லை. குதிக்கவேண்டிய உயரம் 48 அலகு, ஈர்ப்பு முடுக்கம் 1066 அலகு என்று மட்டும் சொல்லிவிட்டு, 2gh-க்கு வர்க்கமூலம் கண்டு வேகத்தைப் பெறுகிறார்கள். போட்டுப் பாருங்கள், 320 வரும். ஈர்ப்பை யாராவது மாற்றினால் வேகமும் தானாக மாறி, உயரம் அப்படியே நிற்கும். தேர்வில் நீங்கள் எழுதும் அதே சமன்பாடு, கோடிக்கணக்கான ரூபாய் புரளும் ஒரு ஆட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது!

மூன்றாவது ஆட்டம், வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 2. இதுவும் 2004-ஆம் ஆண்டு வந்ததுதான்; நவம்பரில். அயர்லாந்தின் டப்ளின் நகரில் தோன்றிய ஹேவாக் என்ற நிறுவனத்தின் பிசிக்ஸ் எஞ்சினை வாங்கி, தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். இங்கே ஈர்ப்பு 600 அலகு, குதிக்கும் வேகம் 160 அலகு. உயரம் 21.3 அலகு. நிரல் எழுதியவரே பக்கத்தில் 'ஏறத்தாழ 21' என்று குறிப்பு வைத்திருக்கிறார்.

அலகு அலகு என்று சொல்லிக்கொண்டே போகிறேனே, மீட்டரில் எவ்வளவு? ஆட்டத்து மனிதனை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மூன்று ஆட்டங்களிலும் அவன் 1.8 மீட்டர் உயரம் என்று கொள்வோம். குவேக் 3-இல் அவன் 56 அலகு, டூம் 3-இல் 74, ஹாஃப்-லைஃப் 2-இல் 72. ஒரு அலகுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று வகுத்து, ஈர்ப்பைப் பெருக்கிப் பார்த்தால் கிடைப்பது: குவேக் 3-இல் 25.7 மீ/வி², டூம் 3-இல் 25.9, ஹாஃப்-லைஃப் 2-இல் 15. பூமியில் 9.8 என்பது உங்களுக்குத் தெரியும். 25-ஐ ஒட்டிய எண்ணைச் சூரியக் குடும்பத்தில் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? வியாழன் கோளின் மேகப் பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் 24.8! அந்த இரண்டு ஆட்டங்களின் வீரர்களும் வியாழனில் நிற்பவரைவிடக் கூடுதல் பாரத்தைச் சுமந்துகொண்டு, ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் உயரம் துள்ளிக் குதிக்கிறார்கள்.

இது முட்டாள்தனம் என்று சிரித்துவிடாதீர்கள். இங்கே ஒரு நியாயம் இருக்கிறது. குவேக் வீரன் குதிக்கும் 1.46 மீட்டரைப் பூமியின் ஈர்ப்பில் குதித்தால் அவன் ஒரு விநாடிக்கும் மேலாக அந்தரத்தில் இருப்பான். அந்தரத்தில் இருப்பவன் நினைத்தபடி திரும்ப முடியாது. எதிரிக்கு நல்ல இலக்கு. ஆட்டம் பலூன் போல மிதக்கும். ஈர்ப்பைக் கூட்டியதால் 0.68 விநாடியில் தரைக்கு வந்துவிடுகிறான். ஆக இது தெரிந்து சொன்ன பொய். ஆட்டம் சுறுசுறுப்பாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கோளையே மாற்றிவிட்டார்கள். இதை நான் குற்றமாகக் கொள்ளமாட்டேன். 'நிஜம்' என்று விளம்பரம் செய்தால் மட்டும் கொள்வேன்.

இனி குண்டுக்கு வருவோம். சுடும் ஆட்டத்தில் இயற்பியல் மிகுதியாக அடிபடும் இடம் இதுதான்.

ஏகே வகைத் துப்பாக்கியின் குண்டு சுமார் 8 கிராம் நிறை, விநாடிக்குச் சுமார் 715 மீட்டர் வேகம். உந்தம் 5.7 கிலோகிராம் மீட்டர்/விநாடி. அது 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் தைத்து நின்றுவிட்டால், உந்த அழிவின்மை விதிப்படி அவர் பின்னோக்கி நகரும் வேகம் விநாடிக்கு 8 சென்டிமீட்டர். ஆமை ஓட்டம்! குண்டின் ஆற்றலோ 2000 ஜூல். அந்த ஆற்றல் திசுவைக் கிழிக்கிறது, கொல்கிறது. ஆளைத் தூக்கி எறிவதில்லை. எறியவேண்டுமானால் சுட்டவரையும் அதே உந்தம் பின்னோக்கி எறிந்திருக்கவேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதியில் கதாநாயகனுக்கு விலக்கு கிடையாது. நம் சினிமாவில் அடிபட்டவர் பறப்பது கயிற்றின் புண்ணியம்.

ஹாஃப்-லைஃப் 2 இதை எப்படிச் செய்கிறது? அந்த ஆட்டத்தைத் திருத்தி அமைக்க விரும்புவோருக்காக வால்வ் வெளியிட்ட நிரலில் விடை இருக்கிறது. கைத்துப்பாக்கிக் குண்டின் நிறையும் வேகமும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. நம் அலகுகளில் மாற்றினால் 13 கிராம், விநாடிக்கு 373 மீட்டர். நிறை, வேகம் இரண்டையும் பெருக்கி உந்தம் காண்கிறார்கள். ஒழுங்கான இயற்பியல். அடுத்து, கிடைத்த உந்தத்தை 3.5-ஆல் பெருக்குகிறார்கள். அந்த 3.5 என்ற எண்ணுக்கு நிரலில் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'குண்டு உந்த மிகைப்படுத்தல்'!

இதைப் படித்தபோது எனக்கு அந்த எஞ்சின் மீது மரியாதை கூடியது. மிகைப்படுத்துகிறோம் என்று தெரிகிறது. எத்தனை மடங்கு என்று தெரிகிறது. அதை ஒரே இடத்தில், பெயர் சூட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை 1 என்று மாற்றினால் பொய் விலகிவிடும். நேர்மையான பொய் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

ஆனாலும் முழு மதிப்பெண் போட முடியாது. அதே பட்டியலில் 357 ரிவால்வர் என்ற துப்பாக்கிக்குக் குண்டின் நிறை 52 கிராம் என்றும், வேகம் விநாடிக்கு 1524 மீட்டர் என்றும் வரும்படி எண்கள் உள்ளன. உண்மையான 357 குண்டு சுமார் 10 கிராம், விநாடிக்கு 400 மீட்டரை ஒட்டிய வேகம். இங்கே நிறையும் ஐந்து மடங்கு, வேகமும் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதன்மேல் 3.5 வேறு. எல்லாம் சேர்த்து உந்தம் 277. உண்மையைப்போலச் சுமார் 70 மடங்கு! இதனால் 70 கிலோ உடல் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் தள்ளப்படும். சுட்டவருடைய நிலை என்ன? அவர் பார்வை சற்று மேலே உதறிக்கொள்கிறது. கால் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. 3.5 என்ற பொய்க்குப் பெயர் இருந்தது. இந்தப் பொய் நிறைக்குள்ளும் வேகத்துக்குள்ளும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. முன்னதை ஏற்கிறேன், பின்னதை ஏற்கமாட்டேன்.

குண்டு வேகத்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. விநாடிக்கு 60 படிகள் என்றால் 715 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு ஒரே படியில் கிட்டத்தட்ட 12 மீட்டர் தாண்டிவிடும். இந்தப் படியில் சுவருக்கு முன்னால் இருக்கும். அடுத்த படியில் சுவருக்குப் பின்னால் இருக்கும். நடுவில் இருந்த ஒன்பது அங்குலச் சுவரை அது சந்திக்கவே இல்லை! ஆகவே பல ஆட்டங்களில் குண்டு என்று ஒன்று பறப்பதே கிடையாது. துப்பாக்கி முனையிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்து, முதலில் குறுக்கிடுவது எதுவோ அதன்மேல் பட்டதாகக் கணக்கு. குவேக் 3-இன் இயந்திரத் துப்பாக்கியும் கவுன்டர்-ஸ்டிரைக் ஆட்டமும் இப்படித்தான். குண்டின் வேகம் முடிவிலி, ஒளியையும் மிஞ்சிவிட்டது. பக்கத்து அறையில் இருப்பவனைச் சுடும்போது இதனால் ஒன்றும் குறைவில்லை. 300 மீட்டர் தள்ளி இருப்பவனைச் சுடும்போது? காற்றுத் தடையை விட்டுவிட்டாலும் குண்டு போய்ச்சேர 0.42 விநாடி ஆகும். அதற்குள் அது 86 சென்டிமீட்டர் கீழே விழுந்திருக்கும். தலைக்குக் குறி வைத்தால் இடுப்பில் படும். பரந்த வெளியில் நடக்கும் பேட்டில்ஃபீல்ட் வரிசை ஆட்டங்களில் குண்டை உண்மையாகவே பறக்கவிட்டு வளைந்து விழச்செய்கிறார்கள். அங்கே அது தேவை. ஒரு எஞ்சினைக் குறை கூறுமுன் ஆட்டக்களம் எவ்வளவு பெரியது என்று பார்க்கவேண்டும்.

சுவர் இடிவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறீர்களா? அதற்கு நான் அதிகம் மதிப்பெண் கொடுப்பதில்லை. 2006-இல் ஏஜியா என்ற நிறுவனம் இயற்பியல் கணக்குக்கென்றே தனி அட்டை ஒன்றைக் கணிப்பொறியில் செருகும்படி விற்றது. ஃபிஸ்-எக்ஸ் என்று பெயர். 2008-இல் என்விடியா நிறுவனம் ஏஜியாவை வாங்கி, அந்த வேலையைத் தன் வரைகலை அட்டைகளுக்கு மாற்றியது. 2012-இல் வந்த பார்டர்லேண்ட்ஸ் 2 ஆட்டத்தில் இந்த வசதியை முடுக்கினால் கற்சில்லுகள் தெறிக்கும், திரவம் வழிந்தோடும், துணி அசையும். கண்ணுக்கு விருந்துதான். அணைத்துவிட்டாலோ? ஆட்டம் அப்படியே இருக்கும்! வெற்றி தோல்வியில் எந்த மாற்றமும் இல்லை. அப்படியானால் அந்த இயற்பியல் தோரணம்தானே? பல ஆட்டங்களில் இடிந்த சுவரின் துண்டுகள் சற்று நேரத்தில் மாயமாக மறைந்தும்விடுகின்றன. நிறை அழிவின்மை விதி என்னாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

ஹாஃப்-லைஃப் 2-இல் ஒரு பலகை, ஏற்றப்பலகை போல நடுவில் தாங்கப்பட்டுக் கிடக்கிறது. மறுபக்கம் ஏறவேண்டும். ஏறினால் பலகை சாய்ந்துவிடுகிறது. அருகில் கிடக்கும் சிமெண்டுக் கட்டைகளை ஒரு முனையில் அடுக்கினால்தான் மறுமுனை எழுந்து நிற்கும். இன்னோரிடத்தில் தண்ணீருக்குள் காலிப் பீப்பாய்களைச் செலுத்தி, மிதப்பு விசையால் மேடையை உயர்த்தவேண்டும். ஆர்க்கிமிடீசின் இரண்டு பாடங்கள்! திருப்புத்திறன் புரியாதவர் அந்த ஆட்டத்தில் முன்னேற முடியாது. 2004-ஆம் ஆண்டின் ஆட்டங்களில் எது சிறந்த பிசிக்ஸ் எஞ்சின் என்று என்னைக் கேட்டால், காலத்தை நறுக்குவதில் டூம் 3 என்பேன். இயற்பியலை ஆட்டத்தின் உறுப்பாக்கியதில் ஹாஃப்-லைஃப் 2 என்பேன். இரண்டில் ஒன்றுதான் என்று வற்புறுத்தினால் பின்னதுக்கே என் வாக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. 2023-இல் வந்த தி ஃபைனல்ஸ் ஆட்டத்தில் கட்டடம் இடிவதை மையக் கணிப்பொறியே கணக்கிட்டு எல்லார் திரைக்கும் ஒரே மாதிரி அனுப்புகிறது. அங்கே இடிந்த சுவர் எல்லாருக்கும் இடிந்ததே. அதன் வழியே எதிரி வருவான். அந்த இடிபாட்டுக்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

'சார், இதெல்லாம் எஞ்சின் செய்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆட்டம் செய்ய எனக்கு இயற்பியல் எதற்கு?' என்று ஒரு மாணவர் கேட்டார். உங்களில் சிலருக்கும் இந்த எண்ணம் இருக்கலாம். அவருக்கு நான் சொன்ன பதில் ஆட்டத்தைப் பற்றியது அன்று.

ஆட்டத்துக்காகப் பிறந்த அதே ஃபிஸ்-எக்ஸ் இன்று ஐசக் சிம் என்ற மென்பொருளுக்குள் இருக்கிறது. அதில் இயந்திர மனிதர்களுக்கு நடை பழக்குகிறார்கள். நிஜ இயந்திரத்தை லட்சம் முறை கீழே விழவைத்துப் பழக்கக் கட்டுப்படியாகாது. திரைக்குள் விழவைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு அந்தப் பழக்கத்தை நிஜ இயந்திரத்துக்கு மாற்றுகிறார்கள். 2019-இல் ஓப்பன் ஏஐ நிறுவனத்தார் ஓர் இயந்திரக் கையை, ரூபிக் கனசதுரத்தைத் திருப்பி அடுக்குமாறு பழக்கினார்கள். பயிற்சி முழுவதும் முஜோகோ என்ற பிசிக்ஸ் எஞ்சினுக்குள் நடந்தது. அவர்கள் செய்த முக்கியமான காரியம் என்ன தெரியுமா? எஞ்சினை நம்பாததுதான்! உராய்வு, நிறை, கனசதுரத்தின் அளவு என்று எல்லா எண்களையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள். எஞ்சினின் எண்கள் உலகத்தின் எண்களோடு ஒத்துப்போகும் என்று நம்பியிருந்தால், கை திரைக்குள் வெற்றி பெற்று மேசை மேல் தோற்றிருக்கும். ஆட்டத்தில் 3.5 மடங்கு பொய் வேடிக்கை. நோயாளியைத் தூக்கிப் படுக்கவைக்கும் இயந்திரத்தின் கையில் அந்த 3.5 இருந்தால்? அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் வேலை ஒரு நாள் உங்களில் ஒருவருக்கு வரும். எஞ்சின் வந்து பார்த்துக்கொள்ளாது.

சரி, அடுத்த ஆட்டத்தின் விளம்பரப் படம் வரும்போது என்ன செய்வீர்கள்? ஒரு சோதனை சொல்கிறேன். காசு செலவில்லை, ஆட்டத்தை வாங்கவும் வேண்டாம். படத்தில், மெதுவாக ஓட்டிக் காட்டாத ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது ஒரு பொருள் நிலையிலிருந்து, கதவு உயரம் விழவேண்டும். அலமாரி மேலிருந்து உருளும் டப்பாவானாலும் சரி. படம் விநாடிக்கு 60 சட்டங்கள் ஓடுவதாக இருக்கட்டும். நிறுத்தி நிறுத்தி, பொருள் கைவிடப்பட்ட சட்டத்திலிருந்து தரையைத் தொட்ட சட்டம் வரை எண்ணுங்கள். கதவு உயரம் 2.1 மீட்டர் என்று கொண்டால், பூமியில் 39 சட்டங்கள் வரவேண்டும். ஹாஃப்-லைஃப் 2-இன் ஈர்ப்பானால் 32 வரும். குவேக் 3-இன் ஈர்ப்பானால் 24.

ஒரே பொருளை மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். கதவை எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். 2.1-க்குப் பதில் கதவு 2 மீட்டராக இருந்தால் உங்கள் g எவ்வளவு மாறும் என்றும் கணக்கிடுங்கள். பிறகு ஆட்டத்தின் பெயர், சட்டங்களின் எண்ணிக்கை, நீங்கள் கண்ட g மூன்றையும் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.